பத்துக்கு எத்தனை

வேலந்தாவளம் செக்போஸ்டில் இரவு ஷிப்ட்.
கேரளாவில் கோழிக்குக் காய்ச்சல் வந்தால்
எனக்கு வேலை வரும்.
முதுகில் மருந்து டேங்க், கையில் குழல்,
வருகிற வண்டிகளின் டயரை நனைத்து அனுப்புவது.
இரண்டு லாரிக்கு நடுவே எப்படியும் இருபது நிமிஷம்.
அந்த இருபது இருபது நிமிஷங்களில்தான்
உலகத்து ஆட்டங்களையெல்லாம் ஆடிப் பார்த்தேன்.

விவசாய ஆட்டத்துக்கு மூன்று மார்க் தரலாம்.
நட்ட தக்காளி நட்டபடி காய்க்கிறது,
விற்கப் போனால் நேற்றைய விலையே இன்றும்.
இங்கே மார்க்கெட்டில்
பெட்டி நாற்பது ரூபாய்க்குப் போன அன்று
எங்கள் மாமா அத்தனையையும் ரோட்டோரம் கொட்டிவிட்டு
காலிப் பெட்டிகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.
அதற்கு ஒரு பட்டன் அதில் இல்லை.
பசுமாட்டுக்குப் பேர் வைக்க விடுகிறார்கள்,
அதற்காக இன்னும் ஒன்று. நாலு.

லாரி ஓட்டும் ஆட்டம்
சுத்தப் பொய்; ஆனால் அழகான பொய்.
கண்ணாடியில் மழை வழிகிற விதத்தை
எவனோ உட்கார்ந்து பார்த்து வரைந்திருக்கிறான்.
டிரைவருக்கு ஒண்ணுக்கு வருவதேயில்லை.
தூக்கம் வருவதில்லை.
எல்லையில் யாரும் ஜன்னலுக்குள் கை நீட்டுவதில்லை.
பல்லடம் முட்டை வண்டி செபஸ்தியான்
ஒருநாள் போனை வாங்கி ஓட்டிப் பார்த்தார்.
முதல் வளைவிலேயே பள்ளத்தில் இறக்கிவிட்டு
"கிளட்ச் எங்கடா?" என்றார்.

ரம்மியை நான் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை.
கேன்டீன் ஷாகுலிடம் கேளுங்கள்,
அவன் பைக் எங்கே என்று.

பழைய பட்டன் போனில் ஒரு பாம்பு இருந்ததே,
அதற்கு ஒன்பது.
தின்னத் தின்ன நீளும்,
நீள நீளத் தன் உடம்பே தனக்குச் சுவர்.
இதற்குமேல் என்ன கதை வேண்டிக்கிடக்கிறது?

பேய் ஆட்டம் இந்த வேலைக்கு ஆகாது.
ஹெட்போனைக் கழற்றினாலும் அதே இருட்டு,
விட்டு விட்டு எரியும் அதே டியூப்லைட்.

சுடுகிற ஆட்டத்துக்குத்தான்
மார்க் போடத் தெரியவில்லை.
நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறோம்,
வட்டம் சுருங்குகிறது, மிஞ்சியவன் ஜெயிக்கிறான்.
படிக்கட்டு ஏறினால் கால் மாட்டிக்கொள்கிறது.
நாலு வருஷமாகச் சரிசெய்யவில்லை.
போதாததற்கு
பெஞ்சின் இந்த முனையில் தமிழ்நாட்டு டவர்,
அந்த முனையில் கேரளா டவர்.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் செத்துப்போவேன்.
அப்படி எத்தனையோ தடவை செத்திருக்கிறேன்.
ஆனாலும் விடவில்லை. என் அணியில் ஒருவன் இருந்தான்,
'கொக்கு 47'.
கொழிஞ்சாம்பாறைக்காரன் என்பது தவிர ஒன்றும் தெரியாது.
"இடத்தோட்டு! இடத்தோட்டு!" என்று கத்துவான்.
எதிரி எப்போதும் வலப்பக்கம்தான் இருப்பான்.

தை மாசம், விடிய ஒரு மணி நேரம் இருக்கும்.
காலிக் கோழி வண்டி ஒன்று
மருந்தடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்
ரிவர்ஸில் வந்தது.
கிளீனர் பின்னால் நின்று
பலகையைத் தட்டித் தட்டிச் சொல்கிறான்:
"போட்டே... போட்டே... இடத்தோட்டு..."
வண்டி வலப்பக்கக் கம்பத்தில் போய் இடித்தது.

மெலிந்த பையன். காதோரம் ஒரு கோழி இறகு.
டிரைவர் திட்டி முடிக்கும்வரை
அடித்த டயருக்கே திரும்பத் திரும்ப அடித்தேன்.
அவன் செருப்புக் காலையும் நீட்டினான்.
அதற்கும் அடித்தேன்.
முகமூடி போட்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி தீவில் குதித்த கொஞ்ச நேரத்திலேயே
குண்டு வாங்கி, வைக்கோல் போருக்குப் பின்னால்
தவழ்ந்து வந்தான்.
"சேட்டா, மருந்நுண்டோ?"
என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது.
கீழே போட்டேன்.
வட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.
ரோட்டில் ஏதோ லாரி ஹாரன் அடித்தது, இன்னொரு தடவை அடித்தது.
நான் பெஞ்சில் அசையவில்லை.